பைக் இன்ஜினுக்கு எந்தக் கூலண்ட்? நிறத்தை விட்டுவிட்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் பைக் லிக்விட் கூல்டு. ரிசர்வ் டேங்கில் பச்சை நிறக் கூலண்ட் இருக்கிறது, அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பச்சையையே வாங்கினால் போதுமா? காருக்கு ஊற்றுவதை ஊற்றலாமா? பனியே விழாத இடத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால்தான் என்ன?"

மூன்றுக்கும் நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். கார் கூலண்டை ஊற்றலாம், ஆனால் எல்லாக் கார் கூலண்டையும் அல்ல. வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பைக்கின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதுவே இறுதி. கையேடு கையில் இல்லை என்றால், எத்திலீன் கிளைகால் கொண்டது, அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது, சிலிக்கேட் கலக்காதது என்று எழுதியிருக்கும், தண்ணீர் சேர்த்தே விற்கப்படும் கூலண்ட் பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தும்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். கூலண்ட் மாற்றினால் இன்ஜின் சூடு குறைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் விலை கூடிய டப்பாவைத் தேடுகிறார்கள். ஆனால் வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு ஈடு இல்லை. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் தேவை. தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலண்டுக்கு அதைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவான வெப்பமே போதும். அதாவது, கிளைகால் சேரச் சேர அதே எடைத் திரவம் இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லும் வெப்பம் குறைகிறது. பிறகு எதற்காக அதைச் சேர்க்கிறார்கள்? குளிரில் உறையாமல் இருக்க, சூட்டில் சீக்கிரம் கொதிக்காமல் இருக்க. அதோடு கூடவே கலந்து வரும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள்கள் இன்ஜினின் உட்பகுதி உலோகத்தைக் காக்கின்றன. இந்த மூன்றாவது வேலையை வைத்துத்தான் கூலண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டையும் உருப்படியான எந்தக் கூலண்டும் செய்துவிடும். மூன்றாவதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கிறது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் செலவு வைப்பதும் அதுதான்.

கொதிநிலையைப் பற்றிச் சிலர் கூலண்டுக்கு அதிகமாகவே பெருமை சேர்க்கிறார்கள். சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தண்ணீர் 100 டிகிரியில். வித்தியாசம் ஏழே டிகிரி. ஆனால் ரேடியேட்டர் மூடி 1.1 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும்போது தண்ணீரே 121 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கிறது. கலவை 130 டிகிரிக்குச் சற்றுக் கீழே. ஆக, கிளைகால் தருவது ஏழெட்டு டிகிரி. மூடி தருவது இருபது டிகிரிக்கும் மேல். பல பைக்குகளில் மின்விசிறி சுற்றத் தொடங்குவதே 100 டிகிரியை ஒட்டித்தான். மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், நெரிசலில் நிற்கும்போது எவ்வளவு உயர்ந்த கூலண்ட் இருந்தாலும் பொங்கத்தான் செய்யும். பைக் அடிக்கடி கூலண்டைப் பொங்க வைக்கிறது என்றால், புதுக் கூலண்டுக்கு முன்னால் புது மூடி ஒன்றை, கையேட்டில் குறித்த அதே அழுத்த அளவில் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே சேறு அடைத்திருக்கிறதா, மின்விசிறி சுற்றுகிறதா, சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சூடு ஏறும் கோளாறுகளில் பெரும்பாலானவை இவற்றில்தான் இருக்கும்.

அரிப்புக்கு வருவோம். பைக் இன்ஜினின் ஹெட், சிலிண்டர், ரேடியேட்டர் எல்லாம் அலுமினியம். வாட்டர் பம்பின் தண்டு எஃகு. சில பாகங்களில் செம்போ பித்தளையோ இருக்கும். வெவ்வேறு உலோகங்கள், அவற்றைத் தொட்டுக்கொண்டு ஓடும் சூடான, உப்பு கலந்த நீர் என்று அமைந்துவிட்டால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் கரைந்து போவது பெரும்பாலும் அலுமினியம்தான். பைக் ரேடியேட்டரின் குழாய்ச் சுவர் மிக மெல்லியது. அதில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலே முழு ரேடியேட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இதைத் தடுக்கும் வேதிப்பொருள்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. பழைய குடும்பம் சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகளால் ஆனது. உலோகப் பரப்பு முழுவதையும் ஒரு படலமாக மூடிக்கொள்ளும். வேகமாக வேலை செய்யும். ஆனால் அந்த வேகத்திலேயே செலவாகியும் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுகள் அதன் ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம். இதை ஐஏடி என்பார்கள். புதிய குடும்பம் கரிம அமிலங்களின் உப்புகளைக் கொண்டது, பெயர் ஓஏடி. இது பரப்பு முழுவதையும் பூசுவதில்லை, அரிப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் மெதுவாகச் செலவாகிறது. ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். இரண்டையும் கலந்து, உடனடிப் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கனிம உப்பு, நீண்ட ஆயுளுக்குக் கரிம அமிலம் என்று அமைத்தது ஹெச்ஓஏடி.

இந்தக் கலப்பு வகையில்தான் நாட்டுக்கு நாடு பாதை பிரிகிறது. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்து பாஸ்பேட்டைக் கரிம அமிலத்துடன் சேர்க்கிறார்கள். ஐரோப்பியர்கள் நேர்மாறாக, பாஸ்பேட்டைத் தவிர்த்துக் குறைந்த அளவு சிலிக்கேட் சேர்க்கிறார்கள்; அங்கே பல இடங்களில் நீர் கடினமானது, பாஸ்பேட் அந்தக் கடின நீரிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து படிவாகிவிடும் என்பது அவர்களுடைய கவலை. ஒரு ஐரோப்பிய பைக்கின் கையேடு சிலிக்கேட் உள்ள வகையையே கேட்கலாம். ஜப்பானிய பைக்கின் கையேடு சிலிக்கேட் கூடாது என்று எச்சரிக்கலாம். இரண்டும் சரியே. அதனால்தான் ஒரே ஒரு டப்பாவைக் காட்டி எல்லா பைக்குக்கும் இதுதான் என்று சொல்ல முடியாது.

சிலிக்கேட்டுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பவர்கள் வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சின்னஞ்சிறு பாகம் அது. ஒரே தண்டு, அதன் ஒரு முனையில் கூலண்டைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் கூலண்டுக்குள் சுழல்கிறது, பல பைக்குகளில் மறுமுனை இன்ஜின் ஆயிலுக்குள் இருக்கிறது. நடுவில் இரண்டு வழவழப்பான வளையங்கள், பொதுவாக ஒன்று பீங்கான், மற்றொன்று கார்பன், முகத்தோடு முகம் உரசிக்கொண்டு கூலண்டைத் தடுத்து நிறுத்துகின்றன; இதைத்தான் சீல் என்கிறோம். அந்த இரு முகங்களுக்கும் மசகாக இருப்பது கூலண்டின் மெல்லிய படலம் மட்டுமே. சிலிக்கேட் போல, கூலண்டிலிருந்து பிரிந்து படியும் கடினமான துகள் எதுவும் அந்த முகங்களுக்கு நடுவில் புகுந்தால் கீறல் விழும். பைக் இன்ஜின் 8,000, 10,000 சுற்று வரை சாதாரணமாகப் போகிறது. பம்பும் அதற்கு ஏற்ற வேகத்தில்தான் சுழல்கிறது. கீறிய சீல் வழியாகக் கசியும் கூலண்ட் ஆயிலுக்குள் போய்விடாமல் இருக்க, பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு கசிவுத் துளை வைத்திருப்பார்கள். டார்ச் அடித்து அந்தத் துளையைப் பாருங்கள். சுற்றிலும் பச்சையோ சிவப்போ ஆன பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தால் சீல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் ரிசர்வ் டேங்கில் அளவு குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

கார் கூலண்ட் பற்றிய கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. அலுமினிய இன்ஜின் உள்ள கார்களுக்கான, சிலிக்கேட் இல்லாத ஓஏடி அல்லது பாஸ்பேட் கலந்த ஜப்பானிய வகைக் கூலண்டுக்கும் பைக் படம் போட்டு விற்கும் கூலண்டுக்கும் வேதியியலில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஆனால் லாரி, டிராக்டர் போன்ற கனரக டீசல் இன்ஜின்களுக்கான கூலண்டைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் நைட்ரைட் இருக்கும்; அது வார்ப்பிரும்பு லைனர்களைக் காக்கச் சேர்ப்பது, அலுமினியத்துக்கு நல்லதல்ல. கசிவை அடைக்கும் பொருள் கலந்தது என்று சொல்லி விற்பதும் வேண்டாம். துளையை அடைக்கும் பொருளுக்கு ரேடியேட்டரின் குறுகிய பாதைக்கும் துளைக்கும் வேறுபாடு தெரியாது.

நிறம் வெறும் சாயம். கசிந்தால் கண்ணில் படவும், தண்ணீரோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும் சேர்ப்பது. எந்த வகைக்கு எந்த நிறம் என்று உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட விதி எதுவும் இல்லை. பச்சை என்றால் பழைய ஐஏடி என்று ஒரு காலத்தில் சொல்லலாம். இன்று பச்சை நிறத்தில் ஓஏடியும் விற்கிறது. ஆகவே உங்கள் டேங்கில் இருக்கும் பச்சையும் கடையில் இருக்கும் பச்சையும் உறவு என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மோனோ எத்திலீன் கிளைகால் என்று எழுதியிருக்கிறதா, எத்தனை சதவீதம்? தண்ணீர் கலந்ததா, கலக்க வேண்டிய அடர்வா? எந்தத் தர விதிக்கு உட்பட்டது? ஏஎஸ்டிஎம் டி 3306, ஜேஐஎஸ் கே 2234, பிஎஸ் 6580 போன்றவற்றில் ஒன்று அங்கே இருக்க வேண்டும். சிலிக்கேட், நைட்ரைட், அமீன் இல்லை என்ற குறிப்பு இருந்தால் நல்லது. இவை எதுவுமே இல்லாமல் இன்ஜினைக் குளிர வைக்கும் என்ற வாசகம் மட்டும் பெரிதாக இருந்தால், திருப்பி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். சாயம் கரைத்த தண்ணீரும் அந்த வாசகத்துடன் விற்கப்படுகிறது.

தண்ணீர் கலக்காத அடர்வை வாங்கினால் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. டிஸ்டில்டு வாட்டர் அல்லது கனிமம் நீக்கிய நீர் மட்டுமே. பேட்டரிக்கு ஊற்றும் தூய நீர் போதும். பாட்டிலில் விற்கும் குடிநீரில் உப்புகள் இருக்கின்றன. வீட்டுச் சுத்திகரிப்பான் நீரிலும் முழுமையாக நீங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் குழாய்த் தண்ணீர் மட்டுமே ஊற்றி ஓட்டிய பைக் ஒன்றின் பம்ப் மூடியைக் கழற்றியபோது பார்த்தது நினைவில் இருக்கிறது. உட்சுவரெல்லாம் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் பொருக்கு. அதை நகத்தால் சுரண்டினால் அடியில் கருத்த குழிகள். இம்பெல்லரின் இதழ்கள் ஓரத்தில் தேய்ந்து நெளிநெளியாக இருந்தன. பொருக்கு கால்சியமும் மக்னீசியமும் விட்டுச் சென்றது. குழிகளைப் பறிப்பதில் பெரும் பங்கு குளோரைடு உப்புக்கு. பொருக்கு உலோகத்தின் மேல் ஒரு போர்வையாகக் கிடந்து வெப்பத்தையும் வெளியே விடாது. வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன என்ற கேள்விக்கு என் விடை அந்தப் பம்ப்தான். டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றினால் பொருக்கு படியாது என்பது உண்மை. ஆனால் அரிப்புத் தடுப்பு எதுவும் இல்லாததால் துருவும் குழியும் நிற்காது.

பந்தயத் தடங்களில் வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று ஒரு கேள்வி எழும். பல பந்தய அமைப்புகள் கிளைகாலைத் தடை செய்திருப்பது உண்மை. தடத்தில் சிந்தினால் அது சீக்கிரம் காயாது, பயங்கரமாக வழுக்கும்; பின்னால் வருபவர் விழுந்துவிடுவார். அதனால் தண்ணீருடன் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் திரவம் ஒன்றைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். அந்த இன்ஜின்கள் அடிக்கடி பிரிக்கப்படுபவை. ஆண்டு முழுவதும் ஓடும் பைக்குக்கு அது முன்மாதிரி ஆகாது.

விகிதம்: சரிபாதி என்பதே பாதுகாப்பான வழக்கம். அது ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உறைபனி இல்லாத இடத்தில் கிளைகாலை 35, 40 சதவீதமாகக் குறைக்கலாம், வெப்பம் கடத்துவதும் சற்றே மேம்படும். 30 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. அரிப்புத் தடுப்பு உப்புகள் கிளைகாலோடுதான் டப்பாவில் வருகின்றன. கிளைகாலைக் குறைத்தால் அவையும் குறைந்துவிடும். அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்பதும் தவறு. கலக்காத எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். 60 சதவீதத்தைத் தாண்டினால் திரவம் தடித்து, வெப்பம் கடத்தும் திறனும் இறங்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கூலண்டை இறக்கி, தண்ணீரால் அலசிய பிறகு எல்லாத் தண்ணீரும் வெளியே வந்துவிடாது. இன்ஜினின் உள்ளறைகளில் கொஞ்சம் தங்கும். மொத்தக் கொள்ளளவு 1.5 லிட்டர், அதில் 300 மில்லி தண்ணீர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே 1.2 லிட்டர் சரிபாதிக் கலவையை ஊற்றினால் உள்ளே இருப்பது 40 சதவீதம்தான். உங்களுக்கு 50 வேண்டுமென்றால் அடர்வை 750 மில்லி முதலில் ஊற்றிவிட்டு மீதியைத் தூய நீரால் நிரப்புங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள், கலந்து வரும் கூலண்டையே கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் கடைசி அலசலுக்கும் பயன்படுத்தலாம். அதைத்தான் நான் விரும்புகிறேன்.

உங்கள் டேங்கின் நிலைக்கு வருகிறேன். பைக்கை நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்னபடி இன்ஜின் ஆறிய நிலையிலோ சூடான நிலையிலோ அளவை மறுபடி பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது அளவு தவறாகத் தெரியும். உண்மையிலேயே குறைந்திருந்தால், உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாத நிலையில், இன்னொரு தெரியாத கூலண்டைவிட 100 மில்லி டிஸ்டில்டு வாட்டர் பாதுகாப்பானது. உறைபனி இல்லாத இடத்தில் அந்த அளவுத் தண்ணீர் விகிதத்தைக் கெடுத்துவிடாது. பொருந்தாத இரண்டு கூலண்டுகள் கலந்தால், சில சேர்க்கைகளில் சிலிக்கேட் பிரிந்து கூழாகிப் படியும். கூழாகாவிட்டாலும் ஐந்து ஆண்டு உழைக்க வேண்டியது அதற்கு முன்பே சத்திழந்துவிடும். பிறகு நேரம் பார்த்து முழுவதையும் இறக்கி, அலசி, வகை தெரிந்த ஒன்றை நிரப்பிவிடுங்கள்.

அடுத்த சில வாரங்களில் மீண்டும் குறைந்தால் கசிவு இருக்கிறது. முதலில் பம்பின் கசிவுத் துளை, பிறகு ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் அடி விளிம்பு. வெளியே ஒரு துளியும் தெரியாமல் குறைந்துகொண்டே போனால் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வருவது, சூடேறிய பிறகும் சைலன்ஸரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆயில் வெளுத்திருந்தால் பைக்கை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பம்ப் சீல் கெட்டாலும் ஆயில் இப்படி வெளுக்கக்கூடும்.

எப்போது மாற்றுவது? கிலோமீட்டரைவிட ஆண்டுக்கணக்குதான் முக்கியம். பைக் நின்றுகொண்டிருந்தாலும் அரிப்புத் தடுப்பு செலவாகிக்கொண்டே இருக்கும், கிளைகாலும் மெல்ல ஆக்சிஜனுடன் சேர்ந்து அமிலமாகும். ஐஏடி என்றால் இரண்டு ஆண்டுகள்; ஓஏடி என்றால் டப்பாவிலும் கையேட்டிலும் எது குறைவோ அது. ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்த்துக் கூலண்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதை முழுமையாக ஏற்காதீர்கள். அந்தக் கருவி கிளைகால் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். அரிப்புத் தடுப்பு மிச்சமிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

தண்ணீரே இல்லாத கூலண்ட் என்று ஒன்று விற்கிறது. கொதிநிலை 180 டிகிரியை ஒட்டி இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறாது, தண்ணீர் இல்லாததால் அரிப்பும் மிகக் குறைவு. ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் அது தண்ணீர்க் கலவையைவிடப் பின்தங்கியது, தடிமனானது. இன்ஜின் சில டிகிரி கூடுதலாகவே சூடாகும். பழைய தண்ணீர் சொட்டு விடாமல் நீங்கினால்தான் பலன். நீண்ட காலம் நிறுத்தி வைக்கும் பழைய பைக்குக்கு அதில் நியாயம் உண்டு. தினசரி ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எத்திலீன் கிளைகால் நஞ்சு, அதுவும் இனிக்கும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் சிறு அளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. இறக்கிய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் பணிமனையில் கூலண்டையும் தனியாக வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு கொடுத்தால்தான் பயன். வீட்டில் வளர்ப்புப் பிராணி இருந்து, கையேடும் அனுமதித்தால், நஞ்சு மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைகால் கூலண்ட் நல்ல மாற்று.

மாற்றும் வேலையை நீங்களே செய்வதானால், இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். புதியதை மெதுவாக ஊற்றி, ஹோஸ்களை விரலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடியைத் திறந்து வைத்தே ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுக் குறைந்த அளவை நிரப்புங்கள். காற்று சிக்கிக்கொண்டால் நல்ல கூலண்டிலும் இன்ஜின் சூடாகும். ஒரு முறை ஓட்டிவிட்டு, மறுநாள் ஆறிய நிலையில் ரேடியேட்டரிலும் ரிசர்வ் டேங்கிலும் அளவைச் சரிபாருங்கள். ஊற்றிய வகை, விகிதம், தேதி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டால், அடுத்து டேங்கைத் திறப்பவர் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.